தனியாகச் சர்வீஸ் தொழில் தொடங்குவோருக்கு: கம்பெனி ஒப்பந்தமா, செயலியா, கடையா, வீடு தேடிச் செல்வதா?

ஒரு சர்வீஸ் சென்டரில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, வாஷிங் மெஷினையும் ஃபிரிட்ஜையும் ஏசியையும் பிறர் துணையின்றிப் பிரித்து மாட்டுமளவு கை தேர்ந்த ஒருவர், சம்பளத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால், தமிழ்நாட்டில் அவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை எடுத்து நடத்தலாம். அர்பன் கம்பெனி போன்ற செயலிகளில் சேர்ந்து அவை தரும் வேலைகளைச் செய்யலாம். கடைவீதியில் ஒரு கடை பிடிக்கலாம். அல்லது கடையே இல்லாமல் ஒரு பையும் இருசக்கர வாகனமுமாக வீடு வீடாகச் சென்று வேலை செய்யலாம்.

இந்த நான்கையும் முதலீட்டுத் தொகையை வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். எதற்குக் குறைந்த பணம் போதும், எதில் முதல் மாதமே வருமானம் வரும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இத்தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் நான் வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன். இன்று வாஷிங் மெஷினைச் சரிசெய்து கொடுத்த வீட்டில் எட்டு மாதம் கழித்து ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால், அந்த வீட்டார் யாருக்குப் போன் செய்வார்கள்? முதல் முறை ஒரு வீட்டுக்குள் நுழைவதற்குத்தான் விளம்பரம், அலைச்சல், நம்பிக்கை எல்லாம் செலவாகின்றன. அதே வீட்டிலிருந்து வரும் அடுத்த அழைப்புக்கு ஏறக்குறைய எதுவும் செலவில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தில் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், மிக்சி, கிரைண்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று ஆறேழு சாதனங்களாவது இருப்பதால், அந்த இரண்டாவது அழைப்பு யாருடைய கைப்பேசிக்கு வருகிறதோ அவரிடம்தான் தொழில் இருக்கிறது. நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் தொடங்கலாம். இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. புதிய மாடல் வரும்போது பயிற்சி கிடைக்கும். சர்வீஸ் மேனுவலும் எரர் கோடு விளக்கமும் கைக்கு வரும். அசல் உதிரிபாகங்கள் டீலர் விலையில் கிடைக்கும். அழைப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் நிறுவனம் பதிலுக்கு முன்பணம், அலுவலக இடம், குறிப்பிட்ட எண்ணிக்கையில் டெக்னீஷியன்கள், ஸ்பேர் இருப்பு ஆகியவற்றைக் கேட்கும். வாரண்டிக் காலத்து வேலைக்கு வாடிக்கையாளர் பணம் தருவதில்லை. நிறுவனமே ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று தான் நிர்ணயித்த தொகையைக் கணக்குப் பார்த்துப் பிறகு தரும். கழற்றிய பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்பி வரவு வைக்க வேண்டும். புகார் பதிவானதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் முடித்தீர்கள் என்று கணக்கெடுப்பார்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஸ்டாண்டு, கவர், உப்பு நீக்கும் பவுடர் ஆகியவற்றை விற்கவும் இலக்கு வைப்பார்கள். டெக்னீஷியன்களின் சம்பளத்தை மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் பணத்துக்குக் காத்திருப்பது நடத்துபவரின் பொறுப்பு. வாடிக்கையாளரின் எண்ணோ நிறுவனத்தின் கால் சென்டரில் இருக்கிறது. நாளை அந்தப் பகுதியைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுத்தால், இத்தனை நாள் நீங்கள் சென்று வந்த வீடுகள் ஒரே நாளில் அவருடையவை ஆகிவிடும். கையில் நடைமுறை மூலதனம் உள்ள, கணக்கு வழக்கும் ஆள் நிர்வாகமும் அறிந்த இரண்டு மூன்று பேர் கூட்டாக எடுத்து நடத்த இது ஏற்றது. தனி ஆளாக, தன் கைவேலையை நம்பி வெளியே வருபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயலிகளில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பலர் ஏமாறுகிறார்கள். முதல் வகையில் விலை, நேரம், வேலை முறை எல்லாவற்றையும் செயலியே தீர்மானித்து, ஒவ்வொரு வேலையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இங்கே வேலை முதல் வாரமே வரும். விலைப்பட்டியல் வெளிப்படையாக இருப்பதால் வாடிக்கையாளரோடு பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் மதிப்பெண் குறைந்தால் வேலை குறையும். வேலை முடிந்த வீட்டார் மறுமுறை செயலியைத்தான் திறப்பார்கள். அவர்களை நேரடியாகத் தொடர்புகொள்வது ஒப்பந்த மீறலாகக் கருதப்படும். எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் இரண்டாவது அழைப்பு உங்களுடையதாகாது. இரண்டாவது வகைச் செயலிகள் விசாரித்தவரின் எண்ணை மட்டும் விற்கின்றன. அதே எண் வேறு சிலருக்கும் போயிருக்கும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்கான பணம் போனது போனதுதான். இருந்தாலும் கிடைத்த வீடு உங்களுடையது என்பதால், தொடக்க மாதங்களில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, விளம்பரச் செலவாகக் கருதி இந்த இரண்டாவது வகையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. முதல் வகை, ஊருக்குப் புதியவர்கள் தெருக்களையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளும் வரை சில காலம் இருக்கத் தகுந்த இடம்.

கடை வைப்பதா என்ற கேள்விக்கு ஊரைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் கடை இன்னமும் நல்ல தொழில். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு, இந்த மூன்றும் இல்லாத வீட்டைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்த மிக்சி, பல் உடைந்த கப்ளர், ஒழுகும் ஜார் புஷ், பெல்ட் தளர்ந்த டேபிள் டாப் கிரைண்டர், எலிமென்ட் போன அயர்ன் பாக்ஸ், ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணு ஸ்விட்ச் வெடித்த இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றைச் சந்தைக்கு வருகிறவர்கள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வேலையின் தொகை சிறியதாக இருந்தாலும் போக்குவரத்துச் செலவு இல்லை, பணம் உடனே கைக்கு வருகிறது, ஜார், பிளேடு, கேஸ்கட் விற்பனையும் சேர்கிறது. மிக்சியைச் சரிசெய்து கொடுத்தவரையே வீட்டில் ஃபிரிட்ஜ் கெட்டாலும் கேட்பார்கள் என்பதால், நான் முன்வைத்த அளவுகோலின்படியும் கடை நன்றாகத் தேறுகிறது. ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) எரிந்த மிக்சிக்குச் செலவுத் தொகையைக் கேட்டபின் திரும்ப வராதவர்களின் பொருள்கள் பரணை அடைத்துக்கொள்வதுதான் இதிலுள்ள தொல்லை. எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.

சென்னைப் புறநகரில் நிலைமை வேறு. தாம்பரம், போரூர், மேடவாக்கம் போன்ற இடங்களில் பிரதான சாலையில் கடை பிடித்தால், அட்வான்ஸும் வாடகையும் வணிக மின்கட்டணமும் வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். வேலைகளில் பெரும்பகுதி, தூக்கிக்கொண்டு வர முடியாத சாதனங்களுக்கானவை என்பதால் கடையைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பூட்டிய கடைக்கு வாடகை கொடுப்பதில் பொருளில்லை. அங்கே தேவைப்படுவது உள்தெருவில் தண்ணீர், மின்சார வசதியுள்ள ஒரு சிறிய வேலைக்கூடம்தான். வீட்டின் பின்புற ஷெட்டே அதற்குப் போதும்.

ஆகவே, புறநகரில் தனி ஆளாகத் தொடங்குபவருக்கு வீடு தேடிச் செல்லும் முறையையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உங்கள் எண்ணைப் பகிர்ந்தால், அதே வளாகத்தில் அடுத்தடுத்து வேலை வரும். அந்த எண் உங்களுடையது. ஆனால் இந்த முறையில் இலாபம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டுக்கு ஸ்பேர் கையில் இல்லாமல் மறுநாளும் போக வேண்டியிருந்தால், உண்மையில் நீங்கள் ஆறு முறை வண்டி ஓட்டி நான்கு வேலைக்கான பணத்தைத்தான் வாங்குகிறீர்கள். முதல் தடவை போகும்போதே வேலையை முடிப்பதில்தான் இந்த முறையின் வருமானம் அடங்கியிருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வேலைக்குப் போகும் தூரம் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, எல்லாச் சாதனங்களையும் எடுத்துக்கொள்ளாமல், தேவையான ஸ்பேர்கள் ஒரு பையில் அடங்கும் அளவுக்கு வேலையைச் சுருக்க வேண்டும். வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட எந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பெரும்பாலோர் ஏசியைத்தான் முதலில் நினைக்கிறார்கள். கேஸ் சார்ஜ், இன்ஸ்டலேஷன், கழற்றி மாட்டுதல் என ஒவ்வொரு வேலைக்கும் தொகை பெரியது. ஆனால் அந்த வருமானம் மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கு மாதங்களில் குவிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தின்போது தூங்க நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போன் ஒலிக்காது. அவுட்டோர் யூனிட்டை மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கவிட ஹெல்பர் இல்லாமல் முடியாது. பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறவே கூடாது. கேஸ் விஷயமும் மாறிவிட்டது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள் 2030இல், பழைய ஏசிகளில் குளிர்விக்கப் பயன்படும் ஆர்-22 வாயுவை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட வேண்டும். இப்போது வரும் இன்வெர்ட்டர் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32தான் இருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் ஆர்-22ஐவிட மிக அதிகம். பழைய கேஜையும் (அழுத்தமானி) ஹோஸையும் வைத்துக்கொண்டு அதில் கைவைக்கக் கூடாது. நைட்ரஜன் அடித்துக் கசிவைக் கண்டுபிடித்து, வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்றுவதுதான் முறை. கசிவு எங்கே என்று பாராமல் ஆண்டுதோறும் கேஸ் மட்டும் ஏற்றிப் பணம் வாங்கும் பழக்கம் இந்தத் தொழில் முழுவதற்கும் கெட்ட பெயரைத் தேடித் தந்திருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் மற்றும் ஏசி மெக்கானிக் பிரிவை இரண்டாண்டுகள் படித்து, கூட்டாளி ஒருவரையும் உடன் வைத்திருப்பவருக்கு ஏசி சரியான தேர்வு. தனியாளுக்கு அது இரண்டாம் ஆண்டில் சேர்க்க வேண்டிய வேலை.

வாஷிங் மெஷின் இதற்கு நேர்மாறானது. ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கெட்டால் அடுத்த நாளே சரிசெய்தாக வேண்டும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேலைகளை ஒருவரே முடித்துவிடலாம். ஃபிரண்ட் லோடில் டிரெயின் பம்ப், டோர் லாக், இன்லெட் வால்வு, ஹீட்டர், பெல்ட், ஷாக் அப்சார்பர், ரப்பர் கேஸ்கட். டாப் லோடில் டிரெயின் மோட்டார், சஸ்பென்ஷன் ராடு, கிளட்ச், பிரஷர் சென்சார். வருகிற பழுதுகளில் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும். அடிக்கடி போகும் ஐந்தாறு பாகங்களைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களைப் போல ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் பகுதிகளில், உப்பு படிந்து ஹீட்டரும் வால்வும் சீக்கிரம் பழுதாவதால் வேலைக்குக் குறைவில்லை.

இதில் கடினமான வேலை ஃபிரண்ட் லோடு டிரம் பேரிங். கதவைத் திறந்து டிரம்மின் விளிம்பைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால், கையால் சுழற்றும்போது உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டால், பின்பக்கம் புல்லிக்குக் கீழே துருநிறத்தில் நீர் வழிந்த தடம் இருந்தால், ஆயில் சீல் போய்ப் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். பல வேளைகளில் டிரம்மைத் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினிய ஸ்பைடரும் அரித்துப் போயிருக்கும். பிரிக்கத் தொடங்குமுன் அந்த மாடலின் தொட்டி ஸ்குரூ போட்டதா, ஒட்டி மூடியதா என்று பாருங்கள். ஸ்குரூ போட்டது என்றால் வேலைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று பேரிங், சீல் மாற்றித் தரலாம். ஒட்டி மூடியது என்றால் தொட்டியை முழுதாக மாற்ற வேண்டிவரலாம். அப்போது செலவு புதிய மெஷினின் விலையை எட்டிப் பார்க்கத் தொடங்கும். அதை மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், மெஷினின் வயதைப் பார்த்து, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதே என் வழக்கம். அன்றைக்கு விசிட்டிங் சார்ஜ் மட்டுமே கிடைக்கும். ஆனால் அந்த வீடு உங்களை விட்டுப் போகாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், ஏசி கம்ப்ரஸர் மாற்றும் செலவைச் சொல்லும்போதும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜை இரண்டாவது சாதனமாகச் சேர்க்கலாம். தெர்மோஸ்டாட், டிஃப்ராஸ்ட் ஹீட்டர், ஃபேன் மோட்டார், கம்ப்ரஸர் ரிலே வரையிலான மின்வேலைகளில் சிக்கலில்லை. கேஸ் வேலைதான் தனிப் பயிற்சி கேட்பது. இன்றைய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த அது எளிதில் தீப்பிடிக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றுக்குச் சில பத்து கிராம்களே போதும் என்பதால், கிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் வாயுவைக் காற்றோட்டமான இடத்தில் முழுதாக வெளியேற்றாமல் குழாயைப் பற்றுவைக்கும் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது. சமையலறையில் அடுப்புக்கு அருகில் இந்த வேலையைச் செய்யவும் கூடாது. கிடைக்கவில்லை என்பதற்காக இதில் பழைய ஆர்-134ஏ வாயுவை ஏற்றுவது கம்ப்ரஸரைக் கெடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பை, அதற்கென்று பயிற்சி பெறாதவர்கள் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கலாம்.

சுயேச்சை மெக்கானிக்கின் உண்மையான பலவீனம் ஸ்பேர். பேரிங்கும் பம்பும் வெளிச்சந்தையில் கிடைக்கும். மாடலுக்கென்றே செய்யப்பட்ட மின்னணு போர்டுகள் நிறுவனத்தின் வழியாகத்தான் வரும், சில நிறுவனங்கள் வெளியாட்களுக்குக் கொடுக்கத் தயங்குகின்றன. இதில்தான் கம்பெனி ஒப்பந்தம் நம் வழியை வெல்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது நல்ல தொடக்கம் என்றாலும், கவுன்ட்டரில் போர்டு கேட்டு நிற்பவருக்கு அதனால் கிடைக்கும் உதவி இன்னும் போதவில்லை. ரிலே, கெப்பாசிட்டர், டிரையாக் போன்ற சிறு மின்னணு உறுப்புகளின் அளவில் போர்டைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதே இதற்குக் கைவசமுள்ள தீர்வு. சென்னையில் இருப்பவர்களுக்கு அந்த உறுப்புகள் அனைத்தும் ரிச்சி தெருவில் கிடைக்கும். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: அங்கீகாரம் இல்லாமல் ஒரு பிராண்டின் பெயரையும் சின்னத்தையும் பலகையிலோ கூகுள் மேப் பக்கத்திலோ போட்டு, கம்பெனி சர்வீஸ் என்று தோன்றும்படி செய்யாதீர்கள். அது வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகமும்கூட.

பணத்தைப் பொறுத்தவரை, வீடு தேடிச் செல்லும் முறைக்குப் பெரிய கடன் தேவையில்லை. நல்ல மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், சாக்கெட் செட், பேரிங் புல்லர், தொடக்க ஸ்பேர்கள் ஆகியவற்றுக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் கிடைக்கும் 50,000 ரூபாய் வரையிலான கடனே பெரும்பாலும் போதும். கடை அல்லது வேலைக்கூடம் வைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பித்தால், தமிழக அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் பெறலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம்; அதற்குத் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பேர் விலையும் சேர்ந்த ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிப்பதும் தவறு. ஆனால் பில் அவசியம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக உங்கள்மீதும் வழக்குத் தொடரலாம் என்பதால், மதிப்பீட்டுத் தொகை, மாற்றிய பாகம், அதற்கு நீங்கள் தரும் உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, கழற்றிய பழைய பாகத்தையும் வீட்டாரிடமே காட்டிவிட வேண்டும்.

வேலையை விடும் நேரம் குறித்துச் சொல்வதானால், ஏசி சீசன் முடிந்து கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும் ஜூன் அல்லது ஜூலை மாதமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழையில் துணி காயாமல் மெஷினை வழக்கத்தைவிட அதிகமாக ஓட்டுவார்கள். அதற்குள் நான்கைந்து அடுக்ககங்களிலாவது உங்கள் எண் பரவியிருக்க வேண்டும். பழைய முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு வெளியேறாதீர்கள். அவரிடமே பின்னாளில் ஸ்பேர் கேட்டு நிற்க வேண்டிவரும், சீசனில் அவரால் சமாளிக்க முடியாத வேலைகளும் உங்களுக்கு வரும். மழை முடிந்ததும் ஏசி தெரிந்த ஒருவரைக் கூட்டாளியாகப் பேசி முடித்து, வேக்குவம் பம்பும் ஆர்-32 கேஜும் பிப்ரவரிக்குள் வாங்கிவிட்டால், மார்ச்சில் வரும் அழைப்புகளை வேறொருவருக்குக் கைமாற்றிவிட வேண்டியிருக்காது.